நோய்க்கு ஈடுகொடுக்கும் எல்ம்: ‘லூட்டேஸ்’ மரம் உருவான விதம்

பாரிஸ் நகரின் கிழக்கு விளிம்பில் வான்சென் காடு இருக்கிறது. நடைப்பயிற்சிக்கும் படகுச் சவாரிக்கும் நகரவாசிகள் திரண்டு வரும் இடம் அது. அந்தக் காட்டில் ஓர் எல்ம் மரத்தை 20 ஆண்டுகள் சோதனையில் வைத்திருந்தார்கள். நெடுங்காலம் அந்த மரத்துக்குப் பெயரே கிடையாது. 812 என்ற எண் மட்டும்தான். கடைசியில் 2002-ஆம் ஆண்டு பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதை ‘லூட்டேஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வெளியிட்டது. ரோமானியர் காலத்தில் பாரிஸுக்கு வழங்கிய பெயரை ஒட்டி வைத்த பெயர் அது.

ஒரு மரக்கன்றை விற்பதற்கு முன் 20 ஆண்டுச் சோதனை எதற்கு? அதை உருவாக்கவே தலைமுறைகள் பிடித்தது ஏன்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், ‘நோய் எதிர்ப்புத்திறன் கொண்ட கலப்பின ரகம்’ என்று செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது பிடிபட்டுவிடும்.

எல்ம் என்பது ஒற்றை மரம் அல்ல. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகியவற்றின் குளிர்ப் பகுதிகளிலும் மிதவெப்பப் பகுதிகளிலும் பரவியிருக்கும் பல இனங்களுக்குப் பொதுப்பெயர் அது. இலையின் ஓரம் ரம்பப்பல் போல இருக்கும். இலையடி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாமல் ஒரு பக்கம் தாழ்ந்து கோணியிருக்கும். பெரும்பாலானவை இலை வருவதற்கு முன்பே, குளிர் முழுதாக விலகாத நாட்களில் பூத்துவிடும். மகரந்தத்தைச் சுமப்பது காற்று. பிறகு நடுவில் விதையும் சுற்றிலும் தாள் போன்ற மெல்லிய சிறகுமாக வட்ட வட்டமான காய்கள் கொத்துக் கொத்தாக வரும். தமிழ்நாட்டில் ஆயா என்றும் ஆவி என்றும் சொல்லும் மரத்தின் காயைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானதுதான். ஆயா மரமும் எல்மும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஐரோப்பியர்களுக்கு எல்ம் மேல் இருந்த பற்று வெறும் அழகுக்காக வந்ததல்ல. அதன் மரம் இழையோடு இழை பின்னியிருப்பதால் எளிதில் பிளக்காது. எப்போதும் நீரில் மூழ்கியே இருந்தால் மிக நீண்ட காலம் அழுகாது. அதனால் லண்டனில் எல்ம் அடிமரங்களை நீளவாக்கில் குடைந்து குடிநீர்க் குழாய்களாகப் புதைத்தார்கள். வண்டிச் சக்கரத்தின் குடம், நாற்காலியின் இருக்கைப் பலகை, சவப்பெட்டி எல்லாம் எல்மில் செய்யப்பட்டன. நகரத்தின் புழுதியையும் புகையையும் கடற்காற்றையும் இறுகிய மண்ணையும் அது தாங்கியதால் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரைகளிலும் பாரிஸின் அகன்ற சாலைகளிலும் வரிசை வரிசையாக நடப்பட்டது. அமெரிக்காவில் சாலையின் இருமருங்கிலும் நின்ற எல்ம்கள் மேலே கிளை கோத்துப் பந்தலிட்டன. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனுக்கு ‘எல்ம் நகரம்’ என்றே பட்டப்பெயர்.

இந்த மரங்கள்தான் ஒரு நூற்றாண்டுக்குள் கோடிக்கணக்கில் செத்தன.

நோய் எப்படிக் கொல்கிறது?

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் நெதர்லாந்து, பெல்ஜியம், வடபிரான்ஸ் பகுதிகளில் எல்ம்கள் கோடையின் நடுவில் திடீரென்று வாடத் தொடங்கின. ஒரு கிளையின் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டு காயும். அடுத்த சில வாரங்களில் மற்றக் கிளைகளும் காயும். அதே ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ மரம் முழுவதும் போய்விடும். போரில் வீசிய நச்சுப்புகை காரணம் என்றார்கள் சிலர். வறட்சி என்றார்கள் வேறு சிலர்.

உண்மையான காரணம் ஒரு பூஞ்சை. அதைச் சுமந்து செல்வது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பட்டைவண்டு. இவ்விரண்டின் கூட்டுறவைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் மர வளர்ப்பாளர்கள் எந்த இடத்தில் கைவைத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

வண்டு முட்டையிடுவது நோயுற்ற அல்லது புதிதாகச் செத்த எல்மின் பட்டைக்கு அடியில். புழுக்கள் பட்டையைக் குடைந்து தின்றபடி வளர்கின்றன. அந்தக் குடைவழிகளில் பூஞ்சையும் வளர்ந்து, தான் பெருகுவதற்கான நுண்துகள்களான பிசுபிசுப்பான வித்துகளை உண்டாக்குகிறது. புழு வண்டாகி வெளியே வரும்போது அதன் உடம்பெங்கும் வித்துகள் ஒட்டியிருக்கும். வெளிவந்த வண்டு நல்ல எல்ம் மரம் ஒன்றைத் தேடிப் பறந்துபோய், அதன் இளங்குச்சிகள் கிளை பிரியும் கவட்டில் கடித்துத் தின்கிறது. அந்தச் சிறு காயத்தின் வழியாக வித்து உள்ளே போகிறது. மரம் நோயுற்று வாடியதும் அதன் பட்டை வண்டுகளின் அடுத்த தலைமுறைக்குத் தொட்டிலாகிறது. செத்த மரம் கூடக் கூட வண்டும் கூடுகிறது; வண்டு கூடக் கூடச் சாவும் கூடுகிறது. போதாததற்கு, அருகருகே நிற்கும் எல்ம்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளவை. வண்டின் உதவியே இல்லாமல் அந்த வேர்கள் வழியாகவும் நோய் பக்கத்து மரத்துக்குக் கடந்துவிடும்.

உள்ளே போன வித்து என்ன செய்கிறது? எல்ம் தன் வேரிலிருந்து உச்சி இலை வரை நீரை ஏற்றுவது மரக்கட்டைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் வழியாக. பள்ளிப் பாடத்தில் சைலம் என்று படித்தது அதுதான். எல்மில் வசந்தகாலத்தில் உருவாகும் குழாய்கள் மிக அகலமானவை. அந்தந்த ஆண்டு உருவான வெளிவளையத்தில்தான் பெரும்பகுதி நீரோட்டம் நடக்கிறது. அகலக் குழாயில் நீர் வேகமாக ஏறும் என்பது மரத்துக்கு இலாபம். ஆனால் பூஞ்சை அந்த ஓட்டத்திலேயே மிதந்து, மொட்டுவிட்டுப் பெருகி, மரமெங்கும் போய்விடுகிறது.

மரம் சும்மா இருப்பதில்லை. குழாயை ஒட்டியுள்ள உயிரணுக்கள் பலூன் ஊதுவதுபோலக் குழாய்க்குள் புடைத்து அதை அடைக்கின்றன. பிசினும் சுரந்து அடைக்கிறது. பூஞ்சை பரவும் வழியை மறிக்க மரம் செய்யும் முயற்சி அது. ஆனால் எளிதில் நோய்க்கு ஆட்படும் எல்மில் இந்த அடைப்பு தாமதமாக வருகிறது. பூஞ்சை முன்னே ஓட, மரம் பின்னாலேயே குழாய் குழாயாக மூடிக்கொண்டு போகிறது. முடிவில் பூஞ்சையும் தடைபடவில்லை, நீரும் ஏறவில்லை. கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிவளையத்தில் பழுப்புப் புள்ளிகள் வட்டமாகத் தெரியும். அவை அடைபட்ட குழாய்கள்.

வாழை பயிரிடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. வாழையின் வாடல் நோயும் வேறொரு பூஞ்சை நீர்க்குழாய்களில் புகுந்து செய்யும் இதே வேலைதான். இலை மஞ்சளாகித் தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடும். ஒரே தாய்க்கிழங்கிலிருந்து வந்த கன்றுகளையே தோப்பு முழுக்க நட்டிருந்தால் நோய் வந்தபின் ஒன்றும் மிஞ்சாது என்பதும் வாழைக்காரர்களுக்குத் தெரியும். எல்மிலும் அதே கதை நடந்தது. ஆங்கில எல்ம் என்று பெயர்பெற்ற மரம் பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை, வேர்க்கன்றுகளால் பெருகுகிறது. ரோமானியர் கொண்டுவந்த ஒரே மரத்தின் நகல்களே அவை என்று 2004-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. ஒன்றைக் கொல்லத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரிந்திருந்தது.

கண்டுபிடித்த பெண்கள்

இந்த நோய்க்கு ‘டச்சு எல்ம் நோய்’ என்று பெயர். நோய் நெதர்லாந்தில் பிறந்ததால் வந்த பெயர் அல்ல. அதை முதலில் ஆராய்ந்து காரணம் கண்டவர்கள் டச்சுக்காரர்கள் என்பதால் வந்தது. அவர்களில் முதன்மையானவர்கள் பெண்கள். நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியரான யோஹானா வெஸ்டர்டைக் நடத்திய தாவர நோயியல் ஆய்வுக்கூடத்தில், அவருடைய மாணவி பெயா ஸ்வார்ட்ஸ் செத்த எல்ம்களிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். 1922-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதுவே காரணம் என்று நிறுவினார். வெளிநாட்டு அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. பாக்டீரியாதான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. அடுத்து வந்த கிறிஸ்டின் பாய்ஸ்மான் சரியான பருவத்தில் மரங்களுக்குப் பூஞ்சையை ஏற்றி, அவை வாடுவதைக் காட்டி, விவாதத்தை முடித்துவைத்தார். 1920-களில் ஓர் ஆய்வுக்கூடம் நிறையப் பெண்கள் அமர்ந்து ஒரு கண்டத்தின் மரங்களைக் காப்பாற்றப் போராடினார்கள் என்பது இன்னும் பரவலாகத் தெரியவேண்டிய வரலாறு.

இதற்குள் நோய் கடல் தாண்டிவிட்டது. 1927-இல் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். 1930-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கண்டறிந்தார்கள். அறைகலன்களின் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு சீவுவதற்காக ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் கட்டைகளோடு வந்திருந்தது.

தேர்வு ஒன்று, கலப்பு வேறொன்று

மரத்துக்கு மருந்து தேடுவதைவிட, நோயைத் தாங்கும் மரத்தையே தேடுவது நல்லது என்று டச்சுக்காரர்கள் சீக்கிரமே முடிவெடுத்தார்கள். மருந்து இல்லாமல் இல்லை. பூஞ்சைக்கொல்லியை அடிமரத்தில் ஊசிபோட்டு ஏற்றலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஏற்றவேண்டும், செலவும் அதிகம். அரிய பழைய மரங்களுக்குச் சரி, நாடு முழுவதும் உள்ள சாலைமரங்களுக்கு ஆகாது.

முதல் வழி, தேர்வு. பல நாடுகளிலிருந்து எல்ம் விதைகளைத் திரட்டி, முளைக்கவைத்து, எல்லா நாற்றுகளுக்கும் வேண்டுமென்றே நோயைக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கானவை வாடும். ஒன்றிரண்டு நிற்கும். அந்த ஒன்றிரண்டைப் பெருக்குவார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரு நாற்று இப்படி நின்றது. 1936-இல் கிறிஸ்டின் பாய்ஸ்மான் இளவயதிலேயே இறந்தார். அதே ஆண்டில் வெளியான அந்த மரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெரும் நம்பிக்கையோடு நட்டார்கள். ஆனால் அந்த மரம் கிளைகளைக் காயவைக்கும் வேறொரு பூஞ்சைக்கு எளிதில் இரையாகியது. 1948-இல் ‘பெயா ஸ்வார்ட்ஸ்’ என்ற இன்னொரு தேர்வு வெளியானது. நோயைத் தாங்கியது, ஆனால் வளர்ச்சி மந்தம். தோற்றமும் மக்களைக் கவரவில்லை.

ஒரு மரத்திடம் நாம் எதிர்பார்ப்பவை பல: நோயைத் தாங்கவேண்டும், குளிரைத் தாங்கவேண்டும், வேகமாக வளரவேண்டும், அடிமரம் நேராக இருக்கவேண்டும், காற்றில் கிளை முறியக்கூடாது, அழகாகவும் இருக்கவேண்டும். ஒரே நாற்றில் இவை அனைத்தும் தற்செயலாகக் கூடிவருவது அரிது. அப்படியானால் வெவ்வேறு மரங்களில் சிதறிக் கிடக்கும் நல்ல குணங்களை ஒரே மரத்தில் சேர்க்கவேண்டும். அதுதான் இரண்டாவது வழியான கலப்பு.

செய்முறை கேட்பதற்கு எளிது. தாயாகத் தேர்ந்த மரத்தின் பூக்கிளைகளை மொட்டு விரியும் முன்பே பையால் மூடிவிடுவார்கள், காற்றில் வரும் வேண்டாத மகரந்தம் படாமலிருக்க. தந்தை மரத்தின் மகரந்தத்தைச் சேகரித்து, தாய்ப்பூவின் சூல்முடி ஏற்கும் நிலைக்கு வந்ததும் பைக்குள் செலுத்துவார்கள். கோடைத் தொடக்கத்தில் விதை முதிரும். முளைத்த ஒவ்வொரு நாற்றும் தாய் தந்தையரின் குணங்களை வெவ்வேறு விகிதத்தில் பெற்றிருக்கும், உடன்பிறந்த மனிதர்கள் வேறுபடுவதைப் போலவே. அவற்றில் எது தேறும் என்று பார்க்க அவை வளரும்வரை காத்திருக்கவேண்டும். எல்ம் பூக்கும் வயதை எட்டவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரு தலைமுறைக் கலப்பின் மேல் அடுத்த தலைமுறைக் கலப்பைச் செய்வதற்குள் ஆய்வாளரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி ஓடிவிடும். வாகனிங்கன் நகரில் 1950-களிலிருந்து இந்தப் பணியை முன்னெடுத்த ஹான்ஸ் ஹேபுரோக் தம் உழைப்புக்காலம் முழுவதையும் எல்முக்கே கொடுத்தார்.

இமயத்திலிருந்து வந்த எட்டில் ஒரு பங்கு

ஐரோப்பிய எல்ம்களையே தமக்குள் கலந்துகொண்டிருந்தால் ஓர் எல்லைக்கு மேல் எதிர்ப்புத்திறன் ஏறாது. ஆசிய எல்ம்களோ இந்த நோயைப் பெரும்பாலும் நன்றாகத் தாங்குகின்றன. நெடுங்காலமாக இத்தகைய பூஞ்சைகளுடன் வாழ்ந்து பழகியதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் சைபீரிய எல்ம் போன்றவை கடலுக்குத் தொலைவான உள்நாட்டு வறண்ட தட்பவெப்பத்துக்கு உரியவை. கடல்காற்றும் ஈரமும் நிறைந்த மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவாகச் சோபிப்பதில்லை.

டச்சுக்காரர்கள் கையில் எடுத்தது இமய எல்ம். தாவரவியலில் உல்மஸ் வாலிச்சியானா. காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் மலைக்கிராமத்தார் தழைக்காகக் கிளை கழிக்கும் மரம். கால்நடைக்கு அது நல்ல தீவனம். இந்த மரத்தை ஐரோப்பாவின் மலை எல்மில் வந்த எக்ஸிட்டர் ரகத்தோடு கலந்தார்கள். வந்த பிள்ளையை, இரண்டு ஐரோப்பிய வயல் எல்ம்களின் பிள்ளையோடு கலந்தார்கள். அதில் தேர்ந்தது ‘பிளாண்டைன்’; ஆண்ட்வெர்ப் நகரின் பதினாறாம் நூற்றாண்டு அச்சகக்காரர் ஒருவரின் பெயர் அது. 1973-இல் வெளியானது. அதே ஆண்டில் ‘லோபெல்’, ‘டோடூன்ஸ்’ என்ற இரண்டும் வெளியாயின. அவற்றிலும் இமய எல்மின் பங்கு உண்டு.

பிறகு ‘பிளாண்டைன்’ மரத்தை, முன்பு சொன்ன ‘பெயா ஸ்வார்ட்ஸ்’ மரத்தின் தன்மகரந்தச் சேர்க்கையில் பிறந்த சந்ததியோடு கலந்தார்கள். அந்தக் கலப்பில் வந்த நாற்றுகளில் ஒன்றுதான் 812, பிறகு வான்சென் காட்டில் சோதிக்கப்பட்ட நம் லூட்டேஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸிட்டருக்கும் இமய எல்முக்கும் பிறந்ததில் இமயத்தின் பங்கு பாதி. ‘பிளாண்டைன்’ மரத்தில் கால். லூட்டேஸில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. மீதி எல்லாமே ஐரோப்பிய இரத்தம். அதனால்தான் லூட்டேஸைப் பார்த்தால் ஐரோப்பியர்களுக்குத் தங்கள் பழைய எல்மே நினைவுக்கு வருகிறது. எதிர்ப்புத்திறனோ ஆசிய இனங்களுக்குச் சமமாக நிற்கிறது. எதிர்ப்புத்திறன் முழுவதையும் அந்த எட்டில் ஒரு பங்குதான் தந்தது என்று சொல்வது தவறு. பல மரபணுக்கள் சேர்ந்து தரும் குணம் அது. தேர்ந்தெடுத்த ஐரோப்பிய மூதாதைகளின் கொடையும் உள்ளே இருக்கிறது. இந்தக் கலப்பின் சாமர்த்தியமே அதில்தான் என்பது என் கருத்து. ஆசிய மரத்தைக் கொண்டுவந்து ஐரோப்பாவில் நட்டுவிட்டுப் போகவில்லை. உள்ளூர் மரத்தின் உருவையும் பழக்கத்தையும் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு, வேண்டியதை மட்டும் வெளியிலிருந்து பெற்றார்கள்.

எதிர்ப்புத்திறன் என்பது நோயே அண்டாமை அல்ல

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. லூட்டேஸை வண்டு கடிக்கும். வித்து உள்ளே போகும். சில குச்சிகள் வாடவும் கூடும். வேறுபாடு அதற்கு அடுத்த சில நாட்களில்தான். பொதுவாக நோயைத் தாங்கும் எல்ம்களில் நீர்க்குழாய்கள் சற்றுக் குறுகியவை; ஒன்றோடொன்று தொடும் கூட்டங்களும் சிறியவை. பூஞ்சை ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது கடினமாகிறது. மரத்தின் அடைப்பும் விரைவாக நடந்து, நோயுற்ற பகுதி தனியாக முடக்கப்படுகிறது. பிறகு வெளிப்பக்கமாகப் புதிய ஆரோக்கியமான வளையம் உருவாகி நீரோட்டம் தொடர்கிறது. நோய் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும், மரம் வாழும்.

சோதனையும் இதையே அளக்கிறது. எல்ம் மிக எளிதில் நோய்க்கு ஆட்படும் கோடைத் தொடக்கத்தில், இளமரத்தின் தண்டில் கீறி, எண்ணிக்கை தெரிந்த வித்துகள் கலந்த நீரை விடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து எத்தனை சதவீத இலை வாடியது என்று பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு எத்தனை கிளை பட்டுப்போனது, எத்தனை மீண்டது என்று பார்க்கிறார்கள். பக்கத்திலேயே எதிர்ப்பு இல்லாத எல்மையும் நன்றாகத் தாங்கும் எல்மையும் ஒப்பீட்டுக்காக வைத்திருப்பார்கள். வான்சென் காட்டில் 20 ஆண்டுகள் போனது ஏன் என்பது இப்போது விளங்கும். ஓர் ஆண்டு தாங்கிய மரம் வேறொரு வறட்சி ஆண்டில், வேறொரு குளிரில், பெரிதாக வளர்ந்தபின் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காலம்தான் சொல்லவேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘கமலின்’ ஒரு சான்று. 1960-இல் வெளியான டச்சு ரகம் அது. அழகாக, விரைவாக வளர்ந்தது. நெதர்லாந்தில் ஏராளமாக நடப்பட்டது. ஆனால் 1960-களின் பிற்பகுதியில் காட்சி மாறியது. முதல் பூஞ்சையைவிடப் பலமடங்கு கொடிய இன்னொன்று, கனடாவிலிருந்து வந்த எல்ம் கட்டைகளோடு பிரிட்டனுக்குள் நுழைந்தது. பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம்கள் செத்தன. அந்தப் பூஞ்சையைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிளைவ் பிரேசியர் 1991-இல் தனி இனமாக வரையறுத்து, ஓஃபியோஸ்டோமா நோவோ-உல்மி என்று பெயரிட்டார். பழைய பூஞ்சைக்கு எதிராகத் தேர்ந்த ‘கமலின்’ இந்தப் புதியதன் முன் நிற்கவில்லை. ஒரு மரத்தின் எதிர்ப்புத்திறன் எந்தப் பூஞ்சைக்கு எதிராக அளக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே உத்தரவாதம். லூட்டேஸ் சோதிக்கப்பட்டது இந்தக் கொடிய பூஞ்சை பரவிய பிறகு என்பதே அதன் மேல் நம்பிக்கை வைக்கக் காரணம்.

ரகம், நகல், விதை

லூட்டேஸ் என்று விற்கப்படும் ஒவ்வொரு கன்றும் அந்த ஒரே 812-இன் நகல். விதை போட்டு லூட்டேஸை உண்டாக்க முடியாது. விதையில் மரபணுக்கள் மீண்டும் கலைந்துவிடும், பிள்ளை தாயைப் போல நோயைத் தாங்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே தண்டுத்துண்டை வேர்விடச் செய்தோ, ஒட்டுக்கட்டியோ, திசு வளர்ப்பிலோ பெருக்குகிறார்கள். ஒட்டுக்கன்றைவிடச் சொந்த வேரில் நிற்கும் கன்றே எல்மில் நல்லது. எதிர்ப்பில்லாத எல்மை வேர்ச்செடியாக வைத்து ஒட்டினால், மேல்பாதி நோயைத் தாங்கினாலும் அடிப்பாதி பக்கத்து மரத்தின் வேர் வழியே நோயை வாங்கிக்கொள்ளும். கன்று வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். ரகத்தின் பெயரைக் கேட்பது அதற்குப் பிறகு.

எல்லாக் கன்றும் ஒரே நகல் என்றால், வாழையிலும் ஆங்கில எல்மிலும் கண்ட அதே ஆபத்து இங்கேயும் இருக்கிறதே? இருக்கிறது. எனவே ஒரு சாலை முழுவதும் லூட்டேஸ் மட்டும் நடுவது அறிவுடைமை ஆகாது. வேறு எல்ம் ரகங்களும் வேறு மரங்களும் இடையிடையே வேண்டும். நல்லவேளையாகத் தேர்ந்தெடுக்க இப்போது பல உண்டு. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் ஆய்வாளர்கள் ‘பிளாண்டைன்’ மரத்தைச் சைபீரிய எல்மோடு கலந்து, தங்கள் வெப்பத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ற ‘சான் சனோபி’, ‘பிளினியோ’ ரகங்களை 1997-இல் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்மாலி, ஜப்பானின் சப்போரோவிலிருந்து வந்த விதையில் ‘சப்போரோ ஆட்டம் கோல்ட்’ ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் சைபீரிய எல்முக்கும் ஜப்பானிய எல்முக்கும் இயற்கையாகப் பிறந்த கலப்பு. ஸ்பெயின் வேறு வழியில் போனது. கலப்பே செய்யாமல், தன் நாட்டு வயல் எல்ம்களை ஆண்டுக்கணக்கில் சலித்து, நோயைத் தாங்கும் தூய நாட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க எல்முக்கும் ஏறத்தாழ அதே வழிதான் மிஞ்சியது. மற்ற எல்ம்களில் குரோமோசோம் 28. அமெரிக்க எல்மில் வழக்கமாக 56. அதனால் மற்றவற்றோடு கலப்பது மிகக் கடினம். ‘வேலி ஃபோர்ஜ்’, ‘பிரின்ஸ்டன்’ போன்ற ரகங்கள் கலப்பினங்கள் அல்ல. அமெரிக்க எல்மிலிருந்தே தேர்ந்தவை.

லூட்டேஸ் நிலத்தில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இளமையில் நெடுக நிமிர்ந்து வளரும், வயது ஏற அகலும். மற்ற எல்ம்களைவிடத் தாமதமாக, மே மாதம் வாக்கில்தான் இலை விடும். அதுவரை பட்டுப்போன மரமோ என்று தோன்றும். கடற்காற்றைத் தாங்கும். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வைட் தீவில் நூற்றுக்கணக்கில் நட்டிருக்கிறார்கள்.

அந்த நடவில் மரத்தோடு ஒரு வண்ணத்துப்பூச்சியின் வாழ்வும் சேர்ந்திருக்கிறது. இறக்கையின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் கோடு ஆங்கில எழுத்தான ‘டபிள்யூ’ போல வளைந்திருக்கும் சிறு பழுப்புப் பூச்சி அது. அதன் புழு எல்மைத் தவிர வேறு மரத்தில் வளராது. முதலில் பூமொட்டையும் பிஞ்சுக் காயையும் தின்று, பிறகு இலைக்கு மாறும். எல்ம்கள் செத்தபோது அதுவும் அருகியது. செத்த எல்ம்களின் வேரிலிருந்து வேலியோரங்களில் இன்றும் கன்றுகள் முளைக்கின்றன. ஆனால் அவை கொஞ்சம் பருத்து, வண்டு குடையும் அளவுக்குப் பட்டை தடித்ததும் மீண்டும் நோய் வந்து சாய்கின்றன. நிறையப் பூக்கும் வயதை எட்டுவதற்கு முன்பே பெரும்பாலானவை போய்விடுகின்றன. பூக்கும் வயதைத் தாண்டி வாழும் எல்ம் அந்தப் பூச்சிக்கு வேண்டும். எனவே நோயைத் தாங்குகிறதா என்பதோடு, எந்த வயதில் பூக்கிறது, எவ்வளவு பூக்கிறது என்பதையும் பார்த்தே பூச்சி ஆர்வலர்கள் ரகத்தைத் தேர்கிறார்கள்.

இமயத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பிரேசியரும் இந்திய ஆய்வாளர் மெஹ்ரோத்ராவும் அங்கே எல்ம் பட்டைவண்டுகளின் குடைவழிகளில் இதே பூஞ்சைக் குடும்பத்தின் மூன்றாவது இனம் ஒன்றைக் கண்டு, 1995-இல் ஓஃபியோஸ்டோமா ஹிமல்-உல்மி என்று பெயரிட்டார்கள். அங்குள்ள எல்ம்கள் அதனால் கூட்டமாகச் சாவதில்லை. மரமும் பூஞ்சையும் ஒன்றையொன்று அறிந்து வாழ்கின்றன. அந்த எல்மை அச்சுறுத்துவது கோடரியும் அரிவாளும்தான். தீவனத்துக்கும் விறகுக்கும் திரும்பத் திரும்பக் கிளை கழித்ததில் அதன் எண்ணிக்கை குறைந்து, உல்மஸ் வாலிச்சியானா இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனங்களில் ஒன்றாக இருக்கிறது. அடுத்து ஒரு பூஞ்சை வரும்போது கலப்பாளர்கள் மறுபடியும் தேடிப் போகவேண்டிய மரங்களில் ஒன்று அது.